பாலாற்றங்கரையில் ஒரு வகுப்பு

வேலூரிலிருந்து ராணிப்பேட்டைக்குப் போகும் சாலையில் மேல்விஷாரம் நெருங்கும்போதே வேனின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. ஈரத் தோலும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாடை வேலூர்க்காரர்களுக்குப் பழக்கம். தென் மாவட்டங்களிலிருந்து படிக்க வந்தவர்களுக்குக் குமட்டும். “திறந்தே இருக்கட்டும், பாடம் ஆரம்பிச்சாச்சு” என்றேன். முணுமுணுப்போடு ஜன்னல்கள் மறுபடி திறந்தன.

வேனில் இருந்தவர்கள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டுக் குடும்ப மருத்துவத்தில் மூன்றாண்டு டி.என்.பி. பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்கள். பொது மருத்துவம், குழந்தைகள் நலம், மகப்பேறு, அறுவை சிகிச்சை, மனநலம் என்று துறை துறையாகச் சுற்றிவரும் படிப்பு அது. முடித்தபின் இவர்களில் பலர் ஏதோ ஒரு சிறு நகரத்தில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கிளினிக் வைப்பார்கள். அங்கே வந்து உட்காரப்போகிறவர்கள் செங்கல் சூளைக்காரர், தறிக்காரர், கல்லுடைப்பவர், பெயின்டர், பேட்டரிக் கடைப் பையன், பீடி சுற்றும் பெண்கள். தொழிலாலும் சுற்றுப்புறத்தாலும் வரும் நோய்களுக்கோ, பாடத்தில் கிடைக்கும் இடம் தேர்வுக்கு முந்தைய இரவு புரட்டும் சில பக்கங்கள்தான். சிலிகோசிஸ் எக்ஸ்ரேயில் எப்படித் தெரியும் என்று கேட்டால் தடங்கலில்லாமல் ஒப்பிப்பார்கள். கல் அரைக்கும் கிரஷர் பக்கத்தில் கால் மணி நேரம் நின்றவர் அநேகமாக ஒருவரும் இருக்கமாட்டார். அதனால்தான் வகுப்பை வேனில் ஏற்றினேன்.

புறப்படுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை கொடுத்திருந்தேன். அவரவர் கடைசியாக எழுதிய ஓ.பி. சீட்டுகளை எடுத்து, ‘தொழில்’ என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று குறித்துவரச் சொன்னேன். ‘கூலி’, ‘கம்பெனி’, ‘பிரைவேட்’, ‘ஹவுஸ் வைஃப்’. கிட்டத்தட்ட இந்த நான்கிலேயே ஊர் ஜனம் முழுவதும் அடங்கிவிட்டது. மற்ற சீட்டுகளில் அந்தக் கட்டம் காலி. ரத்த அழுத்தம், சர்க்கரை, ஒவ்வாமை எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒரு நாளில் எட்டு, பத்து மணி நேரம் அந்த மனிதர் எதை மூச்சிழுக்கிறார், எதில் கை வைக்கிறார் என்பது மட்டும் எதிலும் இல்லை.

இந்தக் கேள்வியை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் பெர்னார்டினோ ராமசினி என்ற இத்தாலியர். மோடேனா நகரில் அவர் வீட்டுக் கழிவுக் குழியைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளி படபடவென்று வேலையை முடிக்கப் பார்த்தாராம். ஏன் இந்த அவசரம் என்று கேட்டதற்கு, நாலு மணி நேரத்துக்கு மேல் இதில் இருந்தால் கண் போய்விடும் என்று பதில் வந்தது. ராமசினி அதோடு விடவில்லை. பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். குயவர், கண்ணாடி ஊதுபவர், தோல் பதனிடுபவர், மருத்துவச்சி என்று நாற்பதுக்கும் மேற்பட்ட தொழில்களின் நோய்களை 1700இல் புத்தகமாக வெளியிட்டார். ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்து மருத்துவர் நோயாளியிடம் கேட்டுவந்த கேள்விகளோடு ‘உன் தொழில் என்ன’ என்பதையும் சேர்க்க வேண்டும் என்று அவர் எழுதியதுதான் இந்தத் துறைக்கு வித்து. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் சீட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை கொடுத்தேன். அதில் ஐந்து கேள்விகள். என்ன வேலை, அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று செய்து காட்ட முடியுமா? இதற்கு முன்னால் என்னென்ன வேலை பார்த்தீர்கள்? கூட வேலை செய்கிறவர்களுக்கும் இந்தத் தொந்தரவு உண்டா? லீவு நாளில், ஊருக்குப் போனால் குறைகிறதா? வீடு எங்கே, பக்கத்தில் என்ன இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து, சமையல் எதில்? இவ்வளவுதான். கேட்க மூன்று நிமிடம் போதும்.

நாலாவது கேள்வியைக் கொஞ்சம் விளக்கினேன். தோலுக்கு வண்ணம் ஸ்பிரே அடிப்பவருக்கு வரும் இளைப்பு ஞாயிற்றுக்கிழமை தணிந்து வேலை நாளில் திரும்பும். பஞ்சாலைத் தூசால் வருகிற பிசினோசிஸில் விடுமுறை கழிந்து வேலைக்குப் போகும் திங்கட்கிழமைதான் நெஞ்சு அதிகம் இறுகும். இரண்டையும் பிரிக்க ஸ்கேன் தேவையில்லை, கிழமையைக் கேட்டால் போதும்.

ராணிப்பேட்டை

ஆற்காடு தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறினால் அக்கரை ராணிப்பேட்டை. ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கிற ஆறு. சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் குரோமேட் கழிவு மேட்டை வெளியிலிருந்தே பார்த்தோம். சோடியம் பைகுரோமேட் தயாரித்த ஆலை 1995இல் மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் அதிலிருந்து கசிந்து நிலத்தில் இறங்கும் நீர் மஞ்சளாக இருக்கும். நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபில் இருந்த அதே பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

குரோமியத்தில் இரண்டு வகையை மருத்துவர் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட், டிரைவேலன்ட் வகை. அது உடம்புக்குள் எளிதில் ஏறாது. ஆனால் அதைத் தயாரிக்கும் மூலப்பொருளான பைகுரோமேட், ஹெக்ஸாவேலன்ட் வகை. அது செல்லுக்குள் புகும், நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும், கைமுட்டியில் அச்சு வைத்துக் குத்தி எடுத்தாற்போல வட்டப் புண் போடும், மூக்கின் நடுத்தண்டை அரித்து ஓட்டையாக்கும். இந்தப் புண்ணும் ஓட்டையும் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத நோயோடு யாரும் மருத்துவரிடம் வருவதில்லை, அதனால் நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே டீக்கடைக்கு நடந்தோம்.

பெஞ்சில் காவலாளிச் சீருடையில் ஒரு பெரியவர். எங்கள் பேச்சைக் கேட்டு, டாக்டர்கள் என்று தெரிந்ததும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். மூக்கில் எந்நேரமும் பொருக்குக் கட்டுகிறது, மூச்சு விட்டால் விசில் போலச் சத்தம் வருகிறது, சொட்டு மருந்து போட்டும் போகவில்லை என்றார். நாகர்கோவிலிலிருந்து வந்து படிக்கும் பெண் மருத்துவர் அட்டையை எடுக்காமலே ஆரம்பித்தார்.

“இப்ப என்ன வேலை பாக்கறீங்க ஐயா?”

“வாட்ச்மேன்மா. பக்கத்து கோடவுன்ல.”

“அதுக்கு முன்னாடி?”

“அம்பத்தூர்ல பிளேட்டிங் பட்டறை. கல்யாணத்துக்கு முன்னாடியே போனவன், வயசாகித்தான் திரும்பினேன்.”

“என்ன பிளேட்டிங்?”

“குரோம்தான். சைக்கிள் பார்ட்ஸு, குழாய்… தொட்டியிலேருந்து புகையா வரும்.”

மருத்துவர் தன் போனில் இருந்த டார்ச்சை ஒரு நாசியில் காட்டினார். இன்னொரு நாசி வழியாக வெளிச்சம் தெரிந்தது. மற்றவர்கள் முண்டியடித்து ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். “கூட வேலை செஞ்சவங்களுக்கும் இது உண்டா ஐயா?” என்று கேட்டபோது பெரியவர் சிரித்தார். “அங்க எல்லாருக்கும் அப்படித்தான்மா. வலிக்கல, விட்டுட்டோம்.”

அவருக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்கவும், புகைப் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லவும், இனி நுரையீரலைக் கவனித்துவரவும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தோம். அந்தச் சீட்டில் தொழில் என்ற கட்டத்தில் ‘வாட்ச்மேன்’ என்று எழுதி நிறுத்தியிருந்தால் மூக்குச் சொட்டு மருந்து இன்னும் பல ஆண்டு ஓடியிருக்கும்.

ராணிப்பேட்டையை விட்டுக் கிளம்பும்முன் இன்னொன்றையும் சொன்னேன். 2015 ஜனவரி 31 அதிகாலை, சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சகதியில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வெளிமாநிலத் தொழிலாளி எதிரே உட்கார்ந்திருந்தால் ‘எங்கே வேலை’ என்பதோடு ‘எங்கே படுக்கிறீர்கள்’ என்றும் கேளுங்கள் என்றேன். அவர்களில் பலருக்கு இரண்டுக்கும் ஒரே பதில்தான். வேலை முடிந்தாலும் அந்தக் காற்றிலிருந்து அவர்களுக்கு விடுதலை இல்லை.

ஆம்பூர்

திரும்பி வேலூரைக் கடந்து, பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி மேற்கே போனோம். பெங்களூர் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் தென்னையும் தோல் பதனிடும் ஷாப்புகளும் மாறி மாறி வந்தன. இந்தப் பள்ளத்தாக்கின் கதையை நீதிமன்ற ஆவணத்திலேயே படிக்கலாம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுவதுமோ பாழானது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அதில் இருக்கிறது. குரோம் முறையில் 170 வகை ரசாயனங்கள் புழங்குகின்றன, ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கும் இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று இந்தத் தீர்ப்பு அறிவித்தது. பாலாற்றுப் பாதிப்புக்கான இழப்பீடு, ஆற்றை மீட்பது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு விரிவான தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

“இது சட்டக் கல்லூரிப் பாடமாச்சே சார்?” என்றார் ஒருவர். கிணறு உப்பானால் குடும்பம் கேன் தண்ணீர் வாங்குகிறது. நிலம் போனால் விவசாயி ஷாப்பில் கூலிக்குச் சேருகிறார். ஐந்தாவது கேள்விக்கு நோயாளி சொல்லும் பதிலுக்குப் பின்னால் இந்த வரலாறுதான் இருக்கிறது என்றேன்.

உள்ளே போக அனுமதி கொடுத்த ஒரு ஷாப்பில், ஆளுக்கொரு தொழிலாளியைக் கொஞ்ச நேரம் கூடவே நின்று கவனிக்கச் சொன்னேன். மூக்கு வழி என்ன போகிறது, தோல் வழி என்ன, காதுக்கு என்ன, முதுகுக்கு என்ன என்று எழுத வேண்டும். உப்புப் போட்ட பச்சைத் தோல் லாரியிலிருந்து இறங்குகிற இடத்தில் தொடங்கினோம். உப்புத் தண்ணீரில் வெடித்த உள்ளங்கைகள். விலங்கிலிருந்து வரும் ஆந்த்ராக்ஸ் பற்றி இங்கேதான் நினைக்க வேண்டும். வலியில்லாமல் நடுவில் கறுத்த புண்ணைப் பார்த்தால் தோல் சுமக்கிறாரா, ஆடுமாடு வெட்டுகிறாரா என்று கேட்காமல் அனுப்பக் கூடாது. அடுத்து, ஊறிய தோலுக்குச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு முடி நீக்கும் இடம். அதன்பின் சதை சீவும் மெஷின். பிறகு ஆள் உயரத்தைவிடப் பெரிய மர டிரம்கள் சுற்ற, உள்ளே அமிலமும் உப்பும் குரோமும். அங்கிருந்து தோல் வெளிர் நீலமாக, ‘வெட் புளூ’வாக வெளியே வருகிறது.

இதில் ஆபத்து வரிசையில்தான் இருக்கிறது. சல்பைடு கலந்த நீரோடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பி.பி.எம். அளவை எட்டினால் மோப்பம் மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குகிறவர் அங்கேயே சாய்வார். அவரைத் தூக்க இறங்குகிறவர் அடுத்த பிணம். தொட்டியிலும் சாக்கடைக் குழியிலும் இரண்டு மூன்று பேராக இறப்பது இப்படித்தான். “கிளினிக்குக்கு ஆள் ஓடிவந்து கூப்பிட்டால் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது: யாரும் இறங்காதே, தீயணைப்புத் துறைக்குப் போன் போடு” என்றேன். அதை எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

சதை சீவும் மெஷினில் இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். எட்டி எட்டி ஈரத் தோலை உள்ளே தள்ளி, திருப்பி, மறுபாதியைத் தள்ளினார். ஈர மாட்டுத் தோலின் கனம் அவர் இடுப்பு வளைவதில் தெரிந்தது. கையுறை சுவரில் ஆணியில் தொங்கியது. அவரைக் கவனித்த பயிற்சி மருத்துவர், தருமபுரிக்காரர், தன் நோட்டில் முதல் வரியாகக் ‘கையுறை அணிய அறிவுறுத்த வேண்டும்’ என்று எழுதியிருந்தார். எழுதியதோடு நிற்காமல் அவரிடமே கேட்டார்: “அண்ணா, கையுறை ஏன் போடறதில்ல?”

“போட்டா தோலு வழுக்குது டாக்டரே. மெஷினு தோலை இழுக்கறப்ப கையுறையும் மாட்டிச்சுன்னா அப்பறம் கையி எங்க கீது?”

தருமபுரிக்காரர் அந்த வரியை அடித்துவிட்டார். இந்த ஒரு பதிலுக்காகவே இவ்வளவு தூரம் வரலாம். கையுறையும் முகமூடியும் தொழில் மருத்துவத்தில் கடைசி மருந்து. முதலில் அந்த நச்சுப் பொருளையே விலக்க முடியுமா, இல்லாவிட்டால் நஞ்சு குறைந்த ஒன்றுக்கு மாற்ற முடியுமா, இல்லாவிட்டால் மெஷினை மூடி, புகையையும் தூசையும் உறிஞ்சி வெளியேற்ற முடியுமா, ஆளை மாற்றி மாற்றிப் போட முடியுமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டுத்தான் தொழிலாளியின் கைக்கும் முகத்துக்கும் வர வேண்டும். கிளினிக்கில் உட்கார்ந்தபடி ‘கையுறை போடுங்க’ என்று எழுதுவது சுலபம். அந்த மெஷினுக்கு எந்தக் கையுறை, எந்த வேலையில் கழற்ற வேண்டும் என்று சொல்லத் தெரிந்தால்தான் அது சிகிச்சை.

மதியம் ஆம்பூரில் பிரியாணி. சீரகச் சம்பாவும் கத்தரிக்காய்த் தொக்குமாக இலை வந்தபோது பேச்சு நின்றுபோனது. சாப்பிடும்முன் எல்லாரும் வழக்கத்தைவிட நன்றாகக் கை கழுவியதைக் கவனித்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஷூ கம்பெனி. வெளிச்சமும் சுத்தமுமான நீண்ட கூடம், வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். தோல் ஷாப்பிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே நோயே இருக்காது என்று தோன்றியது. ஒட்டுப் பகுதியில் பசை டப்பாவைத் திறந்த பெண்ணின் பக்கத்தில் நின்றதும் அந்த எண்ணம் மாறியது. பசைகளில் கரைப்பானாகச் சேர்க்கப்படும் ஹெக்சேன் நரம்பைத் தாக்கும். காலில் சாக்ஸ் போட்ட அளவுக்கு மரத்துப்போய், முற்றினால் பாதம் தூக்க முடியாமல் போகும். பென்சீன் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். துருக்கியில் இஸ்தான்புல் செருப்புத் தொழிலாளர்களிடம் ரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது இப்படித்தான். நம் ஊரில் கால் மரத்துப்போகிறது என்றதும் சர்க்கரையைப் பார்க்கிறோம், சர்க்கரை இருந்தால் அதோடு நிறுத்திவிடுகிறோம். சர்க்கரை உள்ள ஒருவர் பசையும் பூசலாம்.

தையல் வரிசையில் இருந்த பெண்ணிடம் நாகர்கோவில் மருத்துவர் கேட்ட கேள்வி என் அட்டையில் இல்லாதது.

“அக்கா, தண்ணி எப்ப குடிப்பீங்க?”

“காலையில வீட்ல குடிக்கறதுதான். அப்பறம் சாயங்காலம் பஸ் ஏறினதும்.”

“ஏன்?”

“அடிக்கடி எழுந்து பாத்ரூம் போனா லைன் நின்னுடும் இல்ல? கூட இருக்கறவங்களுக்கும் கஷ்டம்.”

சிறுநீர்த் தாரைத் தொற்றுக்கு மறுபடி மறுபடி மாத்திரை வாங்கிப்போகும் பெண்கள் எல்லாக் குடும்ப மருத்துவர்களிடமும் உண்டு. சோதனைச் சாலை அந்தக் கிருமியின் பெயரைச் சொல்லும். ‘லைன் நின்னுடும்’ என்பதைச் சொல்லாது. வேனில் ஏறியதும் அட்டையில் அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டோம்.

பேரணாம்பட்டு, குடியாத்தம்

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு வழியாகக் குடியாத்தம் போகிற சாலையில் ஒரு தெருவில் இறங்கினோம். இங்கே கம்பெனி கேட்டும் இல்லை, அனுமதிக் கடிதமும் வேண்டாம். வீட்டு வாசல்தான் தொழிற்சாலை. மடியில் முறம், முறத்தில் புகையிலைத் தூள், பக்கத்தில் ஊறவைத்து வெட்டிய இலை. இலையைச் சுருட்டி, தூளை அடைத்து, நுனியை மடித்து, நூல் கட்டி முறத்தில் போடுவதை நம் கண் தொடர்வதற்குள் அடுத்த பீடி ஆரம்பித்துவிடுகிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் கை நிற்காது, தலை நிமிராது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பையை வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தது. தூங்கும் குழந்தைக்கு இரண்டடி தள்ளி புகையிலை மூட்டை.

கழுத்து வலி, தோள் வலி, கை விரல் மரப்பு, கண் எரிச்சல், தலைசுற்றல், இருமல். ஒரு அம்மாவின் பழைய மருத்துவச் சீட்டை வாங்கிப் பார்த்தார் ஒரு மாணவர். தொழில்: ஹவுஸ் வைஃப். காலையில் அவர்கள் என்னிடம் படித்துக்காட்டிய அதே வார்த்தை. யாரும் எதுவும் பேசவில்லை. அந்த அம்மாதான் பேசினார்: “எங்களுக்கு பீடித் தொழிலாளர் கார்டு கீதே, காட்டட்டுமா?”

உள்ளே விறகு அடுப்பு. கேஸ் இருக்கிறது, விலைக்குப் பயந்து டீ போடுவதற்கு மட்டும். வீட்டு அடுப்புப் புகையை ஒரு மருத்துவப் பிரச்சினையாக உலகம் கவனிக்கத் தொடங்கியதில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு கிராமத்துச் சமையலறைகளில் கருவி வைத்துப் புகைத் துகளை அளந்து, தாய்க்கும் பிள்ளைக்கும் அது செய்யும் கேட்டை ஆராய்ந்துவருகிறது. உலக சுகாதார நிறுவனம் அங்கே தொழில்சார், சுற்றுச்சூழல் நலத்துக்கான கூட்டு மையம் வைத்திருக்கிறது. புகையிலைத் தூளும் விறகுப் புகையும் சேர்ந்த ஒரு வீட்டில் இருமல் மருந்து மட்டும் எழுதினால் போதுமா என்று கேட்டேன். அடுப்பை வாசல் பக்கம் மாற்றச் சொல்லலாம், மூட்டையை வேறு இடத்தில் வைக்கச் சொல்லலாம், குழந்தையை உள்ளறையில் படுக்கவைக்கச் சொல்லலாம், முறத்தை உயரமான பலகையில் வைத்துச் சுற்றச் சொல்லலாம் என்று அவர்களாகவே அடுக்கினார்கள். எல்லாமே அந்த வீட்டில் நடக்கக்கூடியவை. வீட்டைப் பார்த்ததால்தான் அவை தோன்றின.

திரும்பும் வழியில்

குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு வரும்போது இருட்டிவிட்டது. அப்போதுதான் சட்டத்தைப் பேசினோம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆம் பிரிவுப்படி, மூன்றாம் அட்டவணையில் உள்ள தொழில் நோய் ஒருவருக்கு இருப்பதாகக் கருதும் எந்த மருத்துவரும் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருந்தது. காரீய நச்சு, ஆந்த்ராக்ஸ், சிலிகோசிஸ், குரோமியப் புண் எல்லாம் அதில் உண்டு. தெரிவிக்காவிட்டால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் இருந்தது. அதன் இடத்தில் 2025இல் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்தக் கடமை தொடர்கிறது. வேனில் இருந்த யாரும் அப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. எழுதிய மருத்துவரைப் பார்த்ததும் இல்லை.

தருமபுரிக்காரர் கேட்டதுதான் சரியான கேள்வி. “நான் எழுதிட்டேன்னா அந்த ஆளுக்கு வேலை போயிடுமே சார்? ‘எழுதாதீங்க டாக்டர்’னு காலைப் புடிச்சா?”

இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. முதலில் நோயாளியிடம் விளக்கமாகப் பேச வேண்டும். இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால் தொழில் நோய்க்கு இழப்பீடு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. கம்பெனியோடு பேச முடியுமானால் அதே இடத்தில் வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லலாம். ஒரே ஷாப்பிலிருந்து இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் வந்தால் அப்போது பேச்சு தனி மனிதரைப் பற்றியதல்ல, இடத்தைப் பற்றியது. தனி ஆளின் பெயர் முன்னால் நிற்காது. அதற்கு முதல் ஆளையே குறித்துவைத்திருக்க வேண்டும். எழுதாத நோய் எத்தனை பேருக்கு வந்தாலும் கணக்கில் பூஜ்யம்தான்.

தொழிற்சாலை மருத்துவர்களுக்கு மூன்று மாத ஏ.எஃப்.ஐ.எச். படிப்பு இருக்கிறது, சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் நடக்கிறது. நல்ல படிப்பு. ஆனால் பிளேட்டிங் பட்டறைக்கும் பீடித் தெருவுக்கும் தொழிற்சாலை மருத்துவர் ஏது? அந்த ஜனங்களுக்குத் தெருமுனை டாக்டர்தான் தொழில் மருத்துவர், அவருக்கு அது தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும்.

அது தெரிந்திருந்த ஒருவரின் கதையோடு பேச்சை முடித்தேன். காசர்கோடு மாவட்டத்தின் எண்மகஜே ஊராட்சியில் கிளினிக் வைத்திருந்தவர் டாக்டர் ஒய். எஸ். மோகன்குமார். சுற்றிலும் அரசு நிறுவனத்தின் முந்திரித் தோட்டங்கள். 1970களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். ஒரே குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் பார்த்துவந்ததால், இந்தச் சின்ன ஊரில் இத்தனை பிள்ளைகளுக்கு ஏன் வளர்ச்சிக் குறைபாடு, இத்தனை பேருக்கு ஏன் மனநோயும் புற்றுநோயும் என்று அவருக்குப் பட்டது. அவர் கேட்டார், எழுதினார், விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 2011இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உலக அளவில் விலக்க வேண்டிய நச்சுகளின் பட்டியலில் எண்டோசல்பானைச் சேர்த்தது. அதே ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் ஒரு துறைக்கும் நரம்பு இன்னொரு துறைக்கும் போய்விடும். ஊர் முழுவதும் ஒரே கண்ணில் படுவது குடும்ப மருத்துவருக்கு மட்டும்தான்.

இந்தப் பயிற்சியை எப்படி நடத்த வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மூன்றாண்டில் ஒவ்வொரு பயிற்சி மருத்துவரும் தன் நோயாளி ஒருவரின் வேலை இடத்துக்கு நேரில் போய்வந்து, அந்த ஒருவரைப் பற்றி முழுமையாக எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். இறுதித் தேர்வில் நோயாளியைப் பரிசோதிக்கும்போது தொழில் வரலாறு கேட்காவிட்டால் மதிப்பெண் குறைய வேண்டும். தேர்வில் வராத எதையும் மாணவர்கள் படிப்பதில்லை. இது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். செலவு ஒரு வேன் வாடகைதான்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: என்ன வேலை பார்க்கிறீர்கள், முன்பு என்ன பார்த்தீர்கள், கூட இருப்பவர்களுக்கும் இதே தொந்தரவு உண்டா என்று. சீட்டில் ‘கூலி’ என்றோ ‘ஹவுஸ் வைஃப்’ என்றோ எழுதினால், அதைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.